திருவான்மியூரில் தென்னைக்கு அடித்தண்டழுகல்: மீதி 3 மரங்களைக் காப்பாற்ற என்ன செய்யலாம்?

கடலோரத்தென்னை (திருவான்மியூர்) · ஜூன் 14

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. மணல் பூமி, போர் தண்ணீர் கோடையில் கரிக்கும். காம்பவுண்டை ஒட்டி 4 தென்னை, எல்லாமே 20 முதல் 25 வயசுக்குள். அதில் மூலையில் நிற்கிற மரத்தில் போன கோடையிலிருந்தே குரும்பை கொட்டுகிறது. இப்போது அடிமட்டைகள் மஞ்சளாகி, கீழே விழாமல் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன. தூரில் இரண்டடி உயரத்துக்குள் செம்பழுப்பாக ஏதோ வடிந்து காய்ந்து கிடக்கிறது. தரையை ஒட்டிக் குப்பையை விலக்கிப் பார்த்தால் அரைவட்டமாக ஒரு காளான். மேல்புறம் பழுப்பு, அரக்குப் பூசிய பளபளப்பு. விளிம்பும் அடிப்பக்கமும் வெள்ளை.

தேங்காய் பறிக்க வருகிறவர் கூன்வண்டு என்கிறார். உரக்கடையில் பொட்டாஷ் குறைவு என்று ஒரு மூட்டையைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டில் உடனே வெட்டச் சொல்கிறார்கள். அம்மா நட்ட மரங்கள் இவை. ஒன்று போனால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், நாலும் போனால் வீடே வேறாகிவிடும். இது என்ன நோய், மற்ற மூன்றுக்கும் பரவுமா, எதைச் செய்தால் நிற்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செடிப்பித்தன் (அம்பத்தூர்) · ஜூன் 14

சார், வெட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள். தண்டில் ஓட்டை இருக்கிறதா? ஓட்டையிலிருந்து மென்று துப்பிய நார் வெளியே தள்ளியிருக்கிறதா? தண்டில் காதை வைத்துக் கேட்டால் உள்ளே கரகரவென்று சத்தம் வருகிறதா, கள் புளித்த வாடை அடிக்கிறதா? இதெல்லாம் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு.

ஓட்டை இல்லாமல், தண்டில் வெடிப்பு விட்டு, அங்கிருந்து சாறு ஒழுகிக் கறுத்துக் காய்ந்திருந்தால் அது சாறு வடிதல் நோய். தீலேவியாப்சிஸ் என்கிற வேறொரு பூஞ்சை. அந்த இடத்தைச் செதுக்கி எடுத்து மருந்து பூசிக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. வடிகிற சாறு இந்த இரண்டிலும் அடித்தண்டழுகலிலும் கிட்டத்தட்ட ஒரே நிறம், அதனால்தான் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

கடலோரத்தென்னை · ஜூன் 15

காலையில் பார்த்தேன். ஓட்டை ஒன்றுகூட இல்லை. நார் இல்லை, சத்தம் இல்லை, வாடையும் இல்லை. சாறு வடிவது தரையை ஒட்டிய பகுதியில் மட்டும்தான். அங்கே கட்டைச் சுத்தியால் தட்டினால் பொத் பொத்தென்று கேட்கிறது. மற்ற மரங்களில் கணீரென்று இருக்கிறது. தூருக்குப் பக்கத்தில் தோண்டியதில் வேர்கள் கையோடு உதிர்ந்து வந்தன.

தஞ்சைத்தோப்பு (தாம்பரம்) · ஜூன் 15

தம்பி, இனி சந்தேகமே வேண்டாம், இது தஞ்சாவூர் வாடல் நோய். புத்தகத்தில் அடித்தண்டழுகல் என்று போட்டிருப்பார்கள். எனக்குப் பூர்வீகம் பட்டுக்கோட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்குள் வளர்ந்தவன். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை ஜில்லாவில் இந்த நோய் பெரிதாகக் கிளம்பியது, அதனால்தான் அந்தப் பேர். வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இந்த நோய்க்கு அங்கே நிறைய வேலை செய்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் குடியானவன் கையில் இருக்கிற முறை எல்லாம் அங்கிருந்து வந்ததுதான்.

மணல் பூமி, கோடையில் காய்ச்சல், மழையில் தண்ணீர் தேக்கம், 10 வயசிலிருந்து 30 வயசு வரைக்குமான மரம். இந்த நோய்க்குப் பிடித்த எல்லாமே உங்கள் வீட்டில் இருக்கிறது. மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். காளான் வெளியே வந்த மரம் திரும்பாது. அது உள்ளே தின்று முடித்த பிறகுதான் வெளியே தட்டு வைக்கும். நீங்கள் இனிமேல் செலவழிக்கிற காசு, உழைப்பு எல்லாம் மற்ற மூன்று மரத்துக்காக இருக்கட்டும்.

மாம்பலம்மாடி (மேற்கு மாம்பலம்) · ஜூன் 15

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. பொள்ளாச்சிப் பக்கம் வாடல் நோய் வந்து தோப்புத் தோப்பாக வெட்டுகிறார்கள் என்று செய்தியில் பார்த்தேன். அது சென்னைக்கே வந்துவிட்டதா? எங்கள் தெருவிலும் தென்னை நிறைய. புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தூரில் ஊற்றினால் கேட்கும் என்று எங்கள் பாட்டி சொல்வார்கள். பூ கொட்டினால் நான் அதைத்தான் செய்வேன்.

பூஞ்சைப்பிரியை (கிண்டி) · ஜூன் 16

அக்கா, இரண்டும் வேறு வேறு நோய். பொள்ளாச்சி, கம்பம், தென்காசிப் பக்கம் பரவுவது கேரள வேர் வாடல். 1882இல் பெரிய வெள்ளத்துக்குப் பிறகு ஈராற்றுப்பேட்டைப் பகுதியில் முதலில் கவனித்தார்கள். அதற்குக் காரணம் ஃபைட்டோபிளாஸ்மா என்கிற, செல்சுவர் இல்லாத மிக நுண்ணிய பாக்டீரியா வகை. கண்ணாடி இறக்கைப் பூச்சியும் தத்துப்பூச்சியும் மரத்துக்கு மரம் கொண்டுபோகின்றன. கீற்றின் இலைகள் விரிந்து நிற்காமல் உள்பக்கமாக வளைந்து தொய்யும். பூஞ்சைக்கொல்லியை எத்தனை லிட்டர் ஊற்றினாலும் அதற்குப் பலன் கிடையாது.

திருவான்மியூரில் இருப்பது கானோடெர்மா என்கிற பூஞ்சை. மண்ணுக்குள் வேரோடு வேர் உரசுகிற இடத்தில் கடந்து போகும். அந்தத் தட்டுக் காளானிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றிலும் பறக்கும். அதனால் கடலோரத்தென்னை சார், இன்றைக்கே செய்ய வேண்டிய முதல் வேலை அந்தக் காளானைப் பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்துவது. புதிதாக முளைத்தால் அதையும்.

மோரும் பெருங்காயமும் பூ பிடிக்க உதவுகிறதா என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கானோடெர்மா, மரக்கட்டைக்கு உறுதி தருகிற லிக்னின் என்கிற பொருளையே கரைத்துத் தின்கிற வெள்ளையழுகல் பூஞ்சை. தூருக்குள் அடிகணக்கில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஊற்றுகிற மோர் அங்கே போய்ச் சேராது.

கடலோரத்தென்னை · ஜூன் 16

காளானை எடுத்துவிட்டேன். நன்றி மேடம். ஒரு சந்தேகம். வெளிநாட்டில் மரத்துக்கே ஊசி போட்டு வாடல் நோயை நிறுத்துகிறார்கள் என்று படித்தேன். தண்டில் துளை போட்டு மருந்து ஏற்றினால் இந்த மரத்தையே காப்பாற்ற முடியாதா? இன்னும் பாளை விடுகிறது. பச்சையாக நிற்கிற மரத்தை வெட்ட மனசு வரவில்லை.

பூஞ்சைப்பிரியை · ஜூன் 17

நல்ல கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் எல்ம் மரங்களை அழித்த டச்சு எல்ம் நோய் ஒரு பூஞ்சை வாடல். 1920களில் நெதர்லாந்தில் பெண் ஆய்வாளர்கள்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். பேயா ஷ்வார்ஸ் பூஞ்சையைப் பிரித்தெடுத்தார், கிறிஸ்டின் பாய்ஸ்மன் அதுதான் காரணம் என்பதைச் சோதனையில் உறுதிசெய்தார். பட்டை வண்டு பூஞ்சையைச் சுமந்து வரும். பூஞ்சை நீர்க்குழாய்களில் ஏறும். அதைத் தடுக்க மரமே தன் குழாய்களை அடைத்துக்கொள்ளும், அந்த அடைப்பாலேயே மேலே தண்ணீர் போகாமல் வாடும். அந்த மரங்களுக்குப் பிரோபிகோனசோல், தயபெண்டசோல் போன்ற மருந்துகளைத் தண்டின் அடியில் ஏற்றுகிறார்கள். நெதர்லாந்தில் வெர்ட்டிசிலியம் என்கிற இன்னொரு பூஞ்சையின் தீங்கற்ற வகையை வசந்த காலத்தில் செலுத்தி, மரத்தின் தற்காப்பை முன்கூட்டியே எழுப்புகிறார்கள். இதுவும் நோய் வராத மரத்துக்குத்தான், வந்த மரத்துக்கு இல்லை.

எல்ம் மரத்தின் பட்டைக்கு உள்ளே வளர்திசு இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய கட்டையை வளர்த்து, துளையை மூடிக்கொள்ளும். தென்னைக்கு அந்த வளர்திசு கிடையாது. தண்டில் போடுகிற துளை ஆயுசுக்கும் மூடாது. பூஞ்சை அரித்த பகுதிக்குப் பதிலாகப் புதிய கட்டையும் வளராது. அதனால்தான் நம் ஊரில் தண்டை விட்டுவிட்டு, உயிருள்ள வேர் வழியாக மருந்தை உறிஞ்சவைக்கிறார்கள். தென்னை வாழ்நாள் முழுக்கப் புது வேர் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் இந்த நோய்க்கான வைத்தியமே நிற்கிறது.

ஊசியைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. ஆம்ஸ்டர்டாமிலும் இங்கிலாந்தின் பிரைட்டனிலும் எல்ம் மரங்கள் இன்றைக்கும் நிற்கின்றன என்றால், நோய் வந்த மரத்தைத் தாமதிக்காமல் கண்டுபிடித்து அகற்றியதுதான் முக்கியக் காரணம். அமெரிக்காவின் ஓக் வாடலிலும் இதே கதை. டெக்சாஸில் நோய்ப்பட்ட ஓக்கிலிருந்து 100 அடி தள்ளி, குறைந்தது 4 அடி ஆழத்துக்கு அகழி வெட்டி வேர்த் தொடர்பை அறுக்கிறார்கள். மலேசியாவில் எண்ணெய்ப்பனையைக் கொல்வதும் நம் கானோடெர்மாவின் உறவுதான். அங்கே பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும், முற்றிய மரத்தைக் குணமாக்குகிற மருந்து கிடைக்கவில்லை. மறுநடவின்போது பழைய தூரை முழுதாக அகற்றுவதைத்தான் அவர்களும் நம்புகிறார்கள்.

உங்கள் மரம் இன்னும் பாளை விடுகிறது என்பது எனக்கும் வலிக்கிறது. ஆனால் அது நிற்கிற ஒவ்வொரு மாதமும் அதன் வேரிலிருந்து பூஞ்சைக்குச் சோறு கிடைக்கிறது, பக்கத்து மரத்தின் வேர் வரைக்கும் நீள.

சேப்பாக்கம்வாசி · ஜூன் 17

வாடல் நோய் ஆராய்ச்சியில் நம் ஊருக்குப் பெரிய இடம் உண்டு என்பதையும் இங்கே பதிவு செய்ய ஆசைப்படுகிறேன். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்தில் டி.எஸ். சதாசிவன் வழிநடத்திய குழு, 1950களில் பருத்தி வாடலில் ஃபியூசேரியம் பூஞ்சை சுரக்கிற ஃபியூசேரிக் அமிலம் வாடிய செடிக்குள்ளேயே இருப்பதைக் காட்டியது. பூஞ்சை செடியைக் கொல்வது எப்படி என்ற கேள்விக்கு உலகம் முழுக்கப் படித்த வேலை அது. அங்கிருந்து வந்த சி.வி. சுப்பிரமணியனின் பெயரையே சவுக்கைக் கொல்கிற ஒரு பூஞ்சைக்குப் பின்னாளில் வைத்தார்கள். இன்றைய சென்னைப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமலிருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஈசிஆர்சவுக்கு (கோவளம்) · ஜூன் 17

ஐயா சொன்ன அந்தச் சவுக்கு நோய் எங்கள் பக்கம் உண்டு. பட்டையில் கொப்புளம் கட்டும், வெடித்தால் உள்ளே கரிப்பொடி போலக் கறுப்பு வித்து. கைபட்டால் ஒட்டிக்கொள்ளும். உச்சியிலிருந்து காய்ந்து வரும். அப்படி ஒரு மரத்தைப் பார்த்தால் நாங்கள் அந்த வரிசையில் வேலை செய்த அரிவாளைக் கழுவாமல் அடுத்த வரிசைக்குப் போகமாட்டோம். உங்கள் வீட்டில் தேங்காய் பறிக்கிறவர், குழி வெட்டுகிறவர் எல்லாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நோய் மரத்தடியில் போட்ட மண்வெட்டியை அப்படியே நல்ல மரத்தடிக்குக் கொண்டுபோகக் கூடாது.

தஞ்சைத்தோப்பு · ஜூன் 18

தம்பி, செய்முறை கேட்டிருந்தீர்கள்.

முதலில் நோய் மரத்தைச் சுற்றி 4 அடி தள்ளி, 2 அடி ஆழம், 1 அடி அகலத்துக்குப் பள்ளம் எடுங்கள். மண்ணை உள்பக்கமாகவே போடுங்கள், வெளியே சிதறக் கூடாது. பிறகு மரத்தை வெட்டி, தூரைக் கிழங்கோடும் வேரோடும் தோண்டி எடுக்க வேண்டும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டுச் சிமென்ட் பூசி மூடிவிட்டால் பூஞ்சை உள்ளே வருஷக்கணக்கில் பிழைத்திருக்கும். கிராமத்தில் தூரை அங்கேயே எரிப்போம். பட்டணத்தில் எரிக்க முடியாது. சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிவிடுங்கள். உரக்குழியில் போடாதீர்கள், செதில் செதிலாக்கி மூடாக்குப் போடவும் கூடாது.

மீதி மூன்று மரத்துக்கும் ஒரு சதவீத போர்டோ கலவை, மரத்துக்கு 40 லிட்டர், தூரைச் சுற்றி மண் நனைய ஊற்றுங்கள். 40 லிட்டருக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 400 கிராம், சுட்ட சுண்ணாம்பு 400 கிராம். தனித்தனி பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலுக்குள் ஊற்றிக் கலக்கணும், மாற்றிச் செய்யக் கூடாது. இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்த பின் தேய்த்த கத்தியை முக்கிப் பாருங்கள், செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே ஊற்றிவிடணும்.

வேர் மூலம் கொடுக்க, ஹெக்சகோனசோல் என்கிற பூஞ்சைக்கொல்லி 2 மில்லி, 100 மில்லி தண்ணீரில். பென்சில் கனத்தில் உயிருள்ள வேராகப் பார்த்து, நுனியைச் சாய்வாகச் சீவி, மருந்து உள்ள பாலித்தீன் பைக்குள் அடிவரை விட்டு நூலால் கட்டுங்கள். கறுத்த கிழட்டு வேர் உறிஞ்சாது. காலையில் கட்டினால் மறுநாளுக்குள் பை காலியாகியிருக்கணும். ஆகவில்லை என்றால் வேறு வேரைப் பாருங்கள். 3 மாதத்துக்கு ஒரு தரம் இதைச் செய்யணும்.

பழைய கையேடுகளில் டிரைடெமார்ப் என்று போட்டிருக்கும். 2018இல் அதை நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். எந்தக் கடையிலாவது பழைய சரக்கை நீட்டினால் வாங்காதீர்கள்.

இரட்டைப்பிள்ளைஅம்மா (பெசன்ட் நகர்) · ஜூன் 18

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். இது தோப்பு இல்லை, வீடு. அந்த மரத்து இளநீரைக் குழந்தைகள் குடிக்கும். வேர் வழியாக மருந்து ஏறினால் காய்க்குப் போகாதா? மயில்துத்தம் கிணற்றில் இறங்காதா? மரத்தைக் காப்பாற்றப்போய் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? எனக்கு இந்த ஆலோசனையில் உடன்பாடே இல்லை. மருந்து இல்லாத வழியைச் சொல்லுங்கள்.

தஞ்சைத்தோப்பு · ஜூன் 18

அம்மா, நீங்கள் கேட்பது நியாயம். வேரில் மருந்து கட்டுவதற்கு முன்னால் பறிக்கிற பக்குவத்தில் இருக்கிற காய், இளநீர் எல்லாவற்றையும் இறக்கிவிடணும். கட்டிய பிறகு 45 நாள் அந்த மரத்தில் எதையும் பறிக்கக் கூடாது. தோப்பிலும் இதுதான் விதி, அதை மீறுகிறவர்களை நானே சண்டை பிடித்திருக்கிறேன்.

பூஞ்சைப்பிரியை · ஜூன் 19

பெசன்ட் நகர் அக்கா சொல்வதை நான் பாதி ஆதரிக்கிறேன். என் கருத்தில், சாறு வடிதல், மட்டை தொங்கல் என்று ஒரு அறிகுறியும் இல்லாத மரத்துக்கு வீட்டில் 3 மாதத்துக்கு ஒருமுறை ஹெக்சகோனசோல் கொடுத்துக்கொண்டே இருக்க அவசியமில்லை. நோய் மரத்துக்கு மிக அருகில் நிற்கிற ஒன்றுக்கு மட்டும் கொடுங்கள், அதுவும் இளநீரை விட்டுக்கொடுக்க வீட்டில் எல்லாரும் சம்மதித்தால். போர்டோவைப் பொறுத்தவரை, தாமிரம் மண்ணில் பெரும்பாலும் மேலடுக்கிலேயே பிடித்துக்கொள்ளும். ஆனால் உங்களுடையது மணல், பிடிப்புக் குறைவு. உறைகிணறோ சம்ப்போ பக்கத்தில் இருந்தால் அந்தப் பக்கம் ஊற்றாதீர்கள்.

மருந்தில்லாத பகுதிதான் உண்மையில் பெரிய பகுதி. மரத்துக்கு ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு, அதனுடன் நோய்ப் பூஞ்சையை அடக்குகிற டிரைக்கோடெர்மா விரிடி 50 கிராம். அதைத் தொழு எருவோடு கலந்து, நிழலில் ஈரச் சாக்குப் போட்டு மூடி இரண்டு வாரம் வைத்தால் பெருகும். பிறகு வட்டப்பாத்தியில் போட்டுக் கொத்தாமல் மண்ணால் மூடுங்கள். கொத்தினால் வேர் காயப்படும், காயம்தான் பூஞ்சைக்கு வாசல். டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சை என்பதை மறக்க வேண்டாம். போர்டோ ஊற்றிய மண்ணில் உடனே போட்டால் அதுவும் அடிபடும். இரண்டுக்கும் நடுவில் சில வாரம் விடுங்கள்.

தண்ணீரும் முக்கியம். ஒரு மரத்தடியில் விடுகிற தண்ணீர் வழிந்து அடுத்த மரத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வட்டப்பாத்தி, தனிக் குழாய். தூர் வரை சிமென்ட் போட்டிருந்தால் குறைந்தது 6 அடி ஆரத்துக்கு உடைத்துவிடுங்கள். தென்னையின் செயல்படும் வேர்களில் பெரும்பகுதி அந்த வட்டத்துக்குள்தான் இருக்கிறது.

இரட்டைப்பிள்ளைஅம்மா · ஜூன் 19

இதை ஏற்றுக்கொள்கிறேன். 45 நாள் கணக்கை மரத்திலேயே ஒரு அட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள் சார். வீட்டு வேலைக்கு வருகிறவர்களுக்கும் தெரியட்டும்.

நடைப்பயிற்சி (அடையாறு) · ஜூன் 21

எங்கள் தெருவில் ஒரு பெரிய மயிற்கொன்றை. அதன் அடியிலும் இதே பளபளப்புக் காளான். இது ஏதோ விலை உயர்ந்த மருந்துக் காளான் என்று ஒருவர் பறித்துக்கொண்டு போனார். அது சரியா? மரத்துக்கு ஆபத்தா?

பூஞ்சைப்பிரியை · ஜூன் 21

கானோடெர்மா வகைகளில் சிலவற்றைச் சீனாவிலும் ஜப்பானிலும் மருந்தாக வளர்க்கிறார்கள் என்பது உண்மை. அவை சுத்தமான கட்டையில், வகை தெரிந்து வளர்ப்பவை. சாலையோரத்தில் புகையும் சாக்கடையும் குடித்த மரத்தில் முளைத்ததை, எந்த வகை என்று தெரியாமல் கஷாயம் போடுவது ஆபத்து. அவரைத் தெரிந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

கானோடெர்மா தென்னைக்கு மட்டும் வருவதில்லை. மயிற்கொன்றை, இயல்வாகை, புங்கம் என்று நம் சாலை மரங்கள் பலவற்றின் அடியையும் அரிக்கும். அவை தென்னையைப் போல உடனே வாடிக் காட்டாது, மேலே பச்சையாக நிற்கும், அடியில் கூடாக இருக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது விழுந்த மரங்களின் வேரையும் தூரையும் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை மரம் காற்று வருவதற்கு முன்பே உள்ளே முடிந்துபோயிருந்தது என்று. மாநகராட்சியின் 1913 எண்ணில் பதிவு செய்யுங்கள். "மரத்தை வெட்டுங்கள்" என்று சொல்லாமல், "அடியில் காளான் இருக்கிறது, ஆய்வு செய்து பாரத்தைக் குறையுங்கள்" என்று சொல்லுங்கள். கிளையைக் கழித்துப் பாரம் இறக்கினால் சில மரங்கள் இன்னும் பல வருடம் பாதுகாப்பாக நிற்கும்.

கடலோரத்தென்னை · ஜூலை 20

எல்லாருக்கும் நன்றி சொல்லி, நடந்ததை எழுதுகிறேன்.

மரத்தை இறக்கிவிட்டோம். பக்கத்தில் வீட்டின் ஓட்டுக்கூரையும் கேபிளும் இருந்ததால் உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கினார்கள். அடித்துண்டை அறுத்தபோது எல்லாரும் நின்று பார்த்தோம். வெளியே கைப்பிடி கனத்துக்குத்தான் நல்ல கட்டை. உள்ளே முழுக்கப் பழுப்பாக, ஈரமாக, விரலால் பிய்க்கிற மாதிரி நார். வெட்டச் சொல்லி ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம் இருந்த வீட்டில் அதற்குப் பிறகு பேச்சே இல்லை. வரப்போகிற மழைக்காலக் காற்றில் அது எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்றுதான் யோசித்தோம்.

பள்ளம் எடுப்பதில் சிக்கல். ஒரு பக்கம் கழிவுநீர்க் குழாய் ஓடுகிறது. அங்கே கடப்பாரை போடாமல் கையால் ஒன்றரை அடிதான் எடுக்க முடிந்தது. மற்ற மூன்று பக்கமும் சொன்ன அளவுக்கு எடுத்துவிட்டோம். தூரைக் கிளப்பத்தான் ஆள் கிடைப்பது பாடாக இருந்தது. கிளப்பிய குழியில் போர்டோ ஊற்றி ஆறவிட்டிருக்கிறோம். உறைகிணறு மேற்கே இருப்பதால் அந்தப் பக்கத்து மரத்துக்குப் போர்டோ இல்லை, வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் மட்டும். நோய் மரத்துக்கு மிக அருகில் நின்ற ஒன்றுக்கு வேர் வழியாக மருந்து கட்டினோம். அட்டை தொங்குகிறது.

காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வேர், மண் மாதிரிகளையும் படங்களையும் கொண்டுபோய்க் காட்டினேன். அடித்தண்டழுகல்தான் என்று சொன்னார்கள். சிமென்டை உடைத்ததைக் கேட்டதும், பாதி வைத்தியம் அதுதான் என்றார்கள்.

இப்போது இரண்டு கேள்வி. அதே இடத்தில் வேறு தென்னங்கன்று வைக்கலாமா? வடகிழக்குப் பருவமழை வந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிற்குமே, அதற்கு என்ன செய்வது?

செடிப்பித்தன் · ஜூலை 20

அதே குழியில் தென்னை வேண்டாம் சார். பாக்கும் வேண்டாம், புங்கமும் வேண்டாம், எல்லாம் இந்தப் பூஞ்சைக்கு ஆகும். வாழை வையுங்கள். தென்னைக்கு நடுவே வாழை போட்ட தோப்புகளில் இந்த நோய் குறைவு என்று வேளாண் பல்கலைக்கழகமே ஊடுபயிராகச் சொல்கிறது. துணி துவைக்கிற தண்ணீர் பாயும் இடமாக இருந்தால் இன்னும் வசதி.

தஞ்சைத்தோப்பு · ஜூலை 21

தம்பி, நீங்கள் செய்திருப்பது தோப்புக்காரனே முழுசாகச் செய்யாத வேலை. சந்தோஷமாக இருக்கிறது.

பள்ளத்தைத் தோப்பில் திறந்தே விடுவோம். வீட்டில் குழந்தை, பெரியவர்கள் நடமாடும் இடம், மழைத்தண்ணீர் நின்றால் கொசுவும் வரும். அதனால் நல்ல மரங்கள் இருக்கிற பக்கத்துச் சுவரில் தடித்த பிளாஸ்டிக் தகட்டை அடிவரைக்கும் நிறுத்தி, வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணால் மூடிவிடுங்கள். உள்பக்கம் குவித்த பழைய மண்ணை அதற்குப் பயன்படுத்த வேண்டாம். குழாய் ஓடுகிற பக்கம் ஆழம் பற்றாததால், அந்தப் பக்கத்து மரத்தின் தூரைத்தான் அடிக்கடி குனிந்து பார்க்கணும். கோடை வரும்போது அந்த ஓரத்தில் மறுபடி மண்ணைக் கிளறி, குறுக்கே புது வேர் வந்திருந்தால் அறுத்துவிடுங்கள்.

பூஞ்சைப்பிரியை · ஜூலை 21

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மூன்று மரத்தின் தூரையும் நான்கு பக்கமும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மழை முடிந்து தை மாதத்தில் மறுபடி எடுங்கள். காளான் பெரும்பாலும் மழைக்குப் பின் ஈரத்தில்தான் தலை காட்டும். சாறு ஒரு சொட்டு வடிந்தாலும் இங்கேயே போடுங்கள், அந்தக் கட்டத்தில் பிடித்தால் வேர் வழி மருந்துக்கு இன்னும் இடம் இருக்கிறது.

கடலோரத்தென்னை · ஜூலை 22

படம் எடுத்து வைத்துவிட்டேன் மேடம். தகடு வாங்க இன்று பாரிமுனை போகிறேன். எத்தனை மைக்ரான் கனம் வேண்டும் என்று யாருக்காவது தெரியுமா?

ஈசிஆர்சவுக்கு · ஜூலை 22

500 மைக்ரானுக்குக் கீழே வேண்டாம் அண்ணா. இறால் பண்ணைக் குட்டைக்கு விரிக்கிற கறுப்புத் தகடு கேளுங்கள், மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். இரண்டு மடிப்பாகப் போட்டால் தென்னை வேர் சுலபத்தில் துளைக்காது.